சிஓபிடி முற்றி மருத்துவமனையிலிருந்து திரும்பிய அம்மா: மூச்சுத்திணறல் தணிந்த பிறகும் கால்கள் ஏன் எழவில்லை?

தேனி மகள் கேட்கிறார்:

என் அம்மாவுக்கு வயது 64. பீடி, சிகரெட், புகையிலை எதையும் தொட்டவர் அல்லர். ஆனால் திருமணமாகி வந்த நாள் முதல் விறகடுப்பில் சமைத்தவர். அப்பா இறந்த பிறகு வீட்டுத் திண்ணையிலேயே இட்லிக் கடை வைத்து, அதே புகையில் நின்றுதான் எங்களை வளர்த்தார். சில ஆண்டுகளுக்கு முன் ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதிப் பார்க்கும் சோதனையில் அவருக்குச் சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பது தெரிந்தது. இன்ஹேலர் எடுத்துக்கொண்டு ஓரளவு நன்றாகவே இருந்தார்.

அண்மையில் சளிக்காய்ச்சலில் தொடங்கி மூச்சுத்திணறல் கடுமையாகி, மருத்துவமனையில் ஒரு வாரத்துக்கும் மேலாக வைத்திருந்தோம். முதலில் முகமூடி வழியே காற்றை அழுத்தித் தரும் பைபேப் கருவி, பிறகு ஆக்சிஜன், நெபுலைசர், ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மாத்திரை என்று சிகிச்சை சிறப்பாகவே நடந்தது. நெஞ்சில் இரைச்சல் இல்லை, எக்ஸ்ரேயும் தெளிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் புதிய கவலை தொடங்கியது. உட்கார்ந்திருக்கும்போது அம்மாவுக்கு மூச்சிரைப்பு பெரிதாக இல்லை. ஆனால் கயிற்றுக் கட்டிலிலிருந்து யாராவது கை கொடுத்துத் தூக்கினால்தான் எழ முடிகிறது. கொல்லைப்புறக் கழிவறைக்குப் போய் வந்தால் கால்கள் நடுங்குகின்றன, குளித்து முடித்தால் படுத்துவிடுகிறார். பெரியம்மா, "உடம்பு தேறும்வரை அசையவே விடாதே" என்கிறார். தம்பி, "தினமும் தெருமுனை வரை நடக்க வை" என்கிறான். டிஸ்சார்ஜ் சீட்டில் "ஓய்வு" என்ற ஒரு சொல்லைத் தவிர இதைப் பற்றி எதுவும் இல்லை.

நோய் நுரையீரலில் இருக்க, கால்கள் ஏன் இவ்வளவு தளர்ந்தன? பயிற்சியை எப்போது தொடங்கலாம், தொடங்கினால் மறுபடி மூச்சு முட்டிவிடாதா? பக்கத்தில் நுரையீரல் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி கற்றுத்தரும் மறுவாழ்வுப் பயிற்சி மையம் ஏதும் இல்லாத எங்களைப் போன்றவர்கள் வீட்டில் என்ன செய்ய முடியும்? அனுபவமும் படிப்பும் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பிசியோ கோவை:

சகோதரி, உங்கள் அம்மாவின் நுரையீரலுக்கு நடந்த சிகிச்சை முடிந்துவிட்டது. அவருடைய தொடைத் தசைக்கான சிகிச்சை இன்னும் தொடங்கவே இல்லை. நீங்கள் சொல்வதிலிருந்து எனக்குத் தெரிவது இதுதான். சிஓபிடி நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும்போது ஆக்சிஜன் அளவையும் நெஞ்சின் ஒலியையும் பார்ப்பார்களே தவிர, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழச் சொல்லிப் பார்ப்பவர்கள் குறைவு.

கால்கள் தளர்வதற்குக் காரணம் ஒன்றல்ல. முதலாவது, படுக்கை. பெல்ஜியத்தின் லூவன் நகரில், தீவிரமடைந்த சிஓபிடியுடன் சேர்க்கப்பட்ட நோயாளிகளின் உடலில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டி ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். நிற்பதிலும் நடப்பதிலும் அவர்கள் செலவிட்ட நேரம் இரண்டாம் நாளில் 7 விழுக்காடு, ஏழாம் நாளில் 9 விழுக்காடு. வீடு திரும்பி ஒரு மாதம் ஆன பிறகும் 19 விழுக்காடுதான். மூச்சு தேறிவிட்ட ஏழாம் நாளிலும் அசைவு ஏறக்குறைய அப்படியே இருந்ததையும், ஒரு மாதத்துக்குப் பிறகும் அசையாமல் இருந்தவர்களே அடுத்த ஓராண்டில் மீண்டும் மருத்துவமனைக்கு அதிகம் வந்ததையும் உங்கள் பெரியம்மாவுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நோயின் அழற்சி. தொற்று நுரையீரலில் இருந்தாலும் அது கிளப்பும் வேதிப்பொருள்கள் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் தசைப் புரதத்தைக் கரைக்கின்றன. அதே லூவன் குழுவினர் சேர்க்கையின் மூன்றாம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் இடையில் தொடையின் முன்தசை வலு மேலும் குறைவதை அளந்து காட்டியிருக்கிறார்கள். அதோடு ஸ்டீராய்டின் விளைவு, மூச்சுத்திணறலால் சரியாகச் சாப்பிடாதது, நோய் வருவதற்கு முன்பே இரைப்புக்குப் பயந்து குறைத்துக்கொண்ட நடமாட்டம் ஆகிய எல்லாம் சேர்கின்றன. வலுவிழந்த தசை சிறு வேலைக்கே களைத்து, அமிலத்தை விரைவில் வெளியிடும். அதை ஈடுகட்ட நுரையீரல் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். ஆகவே கால் தளர்ந்தால் மூச்சும் வாங்கும், மூச்சு வாங்குகிறதே என்று படுத்தால் கால் மேலும் தளரும்.

முதலில் இப்போதைய நிலையை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி இல்லாத, உறுதியான, சராசரி உயர நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் அது சராசரிக்கும் குறைவு. உங்கள் அம்மாவால் ஒருமுறைகூட முடியாமல் போகலாம், அப்படியானால் சுழியம் என்று எழுதுங்கள், அதுவும் ஓர் அளவுதான். அடுத்து, வீட்டுக்குள்ளேயே 4 மீட்டர் அளந்து, வழக்கமான நடையில் எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 5 விநாடிக்கு மேல் எடுத்தால் நடை மெதுவாகிவிட்டது என்று பொருள். இரண்டு சோதனையின்போதும் நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

பயிற்சி என்றதும் தெருமுனை வரை நடப்பதை நினைக்க வேண்டாம். கயிற்றுக் கட்டில் தாழ்ந்தும் நடுவில் குழிந்தும் இருப்பதால், தளர்ந்த கால்களுக்கு அதிலிருந்து எழுவது மிகக் கடினமான வேலை. உயரமான நாற்காலியில் ஒன்றிரண்டு கெட்டித் தலையணைகளைப் போட்டுத் தொடங்குங்கள். இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வைத்து, மூக்கு கால்விரல்களுக்கு மேலே வரும்வரை முன்னே சாய்ந்து, உதட்டைக் குவித்து மூச்சை ஊதிக்கொண்டே எழ வேண்டும். எழும்போது மூச்சை அடக்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. உழைக்கும் நேரத்தில் மூச்சு வெளியே போக வேண்டும். நாலைந்து முறை எழுந்து உட்கார்ந்த பின் இரைப்பு அடங்கும்வரை ஓய்வு, பிறகு மறுபடி. இதை நாளில் சில வேளை செய்யலாம். எளிதாகிவிட்டால் தலையணையை ஒவ்வொன்றாக எடுத்து இருக்கையைத் தாழ்த்துங்கள். சுவரையோ மேசையையோ பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நடையைத் துண்டு துண்டாக்குங்கள். ஒரு நிமிடம் நடை, ஒரு நிமிடம் நின்று ஓய்வு என்று வீட்டுக்குள்ளேயே தொடங்கினால் போதும். இரைப்பைச் சுழியத்திலிருந்து பத்து வரை மதிப்பிடச் சொல்லுங்கள். தொடக்கத்தில் மூன்று அல்லது நான்கில் நிற்கட்டும். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற நிலை அது. வாரங்கள் செல்லச் செல்ல ஐந்து, ஆறு வரை போகலாம். இரைப்பே வராத அளவுக்கு நடந்தால் தசைக்கு அதனால் அதிகப் பயனில்லை என்பதையும் அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இரைப்பு வந்தாலே ஆபத்து என்று அவர் அஞ்சிக்கொண்டிருப்பார்.

குளியலுக்குப் பிறகு படுத்துவிடுவதற்கும் காரணம் உண்டு. மூச்சு வாங்கும்போது உதவும் கழுத்து, தோள் தசைகளையேதான் கையைத் தலைக்கு மேல் தூக்கவும் பயன்படுத்துகிறோம். தண்ணீர் வாளியை முக்காலியின் மேல் முழங்கால் உயரத்தில் வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, பாதிச் செம்பு மொண்டு குளிக்கட்டும். துவட்டுவதற்குப் பதில் பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் ஈரம் தானே இழுத்துக்கொள்ளும். தலை வாரும்போது முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொள்ளட்டும். இப்படி மிச்சப்படும் மூச்சைக் கால் பயிற்சிக்குச் செலவிடலாம்.

என் கருத்தில் இதையெல்லாம் வார்டிலேயே இரண்டாம் நாளில் தொடங்கியிருக்க வேண்டும். லூவனில் 40 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், மருத்துவமனையில் இருக்கும்போதே தொடைத் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தபோது வலு கூடியது, அழற்சி கூடவில்லை.

நெஞ்சகநோய் மருத்துவர்:

மேலே எழுதியவரின் பயிற்சி முறைகளில் எனக்கு மறுப்பில்லை. கடைசிப் பத்தியில் மட்டும் மாறுபடுகிறேன். அவர் குறிப்பிட்டது 40 பேரிடம் செய்த சிறிய ஆய்வு. அதைவிடப் பெரியது இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் நடந்து 2014இல் வெளியானது. நாள்பட்ட சுவாச நோய் தீவிரமாகிச் சேர்க்கப்பட்ட 389 பேரில் ஒரு பாதியினருக்குச் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் நடை, தசைப் பயிற்சி, தசையைச் சிறு மின்னோட்டத்தால் இயக்கும் மின்தூண்டல் ஆகியவற்றைத் தொடங்கி, வீட்டிலும் ஆறு வாரம் தொடரச் செய்தார்கள். ஓராண்டில் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 62 விழுக்காடு, வழக்கமான கவனிப்பு பெற்ற குழுவில் 58 விழுக்காடு. உடல் இயக்கத்திலும் இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத்தான் தேறினார்கள். எவரும் எதிர்பாராதது, ஓராண்டு இறப்பு பயிற்சிக் குழுவில் 25 விழுக்காடாகவும் மற்றதில் 16 விழுக்காடாகவும் இருந்தது.

இதை வைத்துப் பயிற்சியே ஆளைக் கொன்றுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. வீட்டுப் பயிற்சிக்குப் பெரும்பாலும் தொலைபேசிவழிக் கண்காணிப்பே இருந்தது. தவிர, நோய் தணிந்து நிலையான பிறகு தரப்படும் முறையான மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பிற்பாடு வந்தவர்கள் பயிற்சிக் குழுவில் குறைவு. ஆனாலும் இந்த முடிவைக் கண்ட பிறகு, 2017இல் ஐரோப்பிய, அமெரிக்கச் சுவாசவியல் சங்கங்கள் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதல், மருத்துவமனையில் இருக்கும்போதே மறுவாழ்வுத் திட்டத்தைத் தொடங்க வேண்டாம் என்றும், வீடு திரும்பிய மூன்று வாரத்துக்குள் தொடங்கலாம் என்றும் பரிந்துரைத்தது. வார்டில் கட்டிலை விட்டு எழுந்து உட்காருவது, கழிவறைக்குத் தானே நடப்பது, நாற்காலியில் அமர்ந்து உண்பது ஆகியவை இந்தத் தடைக்குள் வரமாட்டா. அவற்றை முதல் நாளிலிருந்தே ஊக்குவிக்க வேண்டும். பளுவைப் படிப்படியாக ஏற்றும் பயிற்சிக்குத்தான் பொறுமை தேவை.

வீடு திரும்பிய பின் தொடங்குவதற்கான ஆதரவு வலுவானது. அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் 2023இல் அதை உறுதியான பரிந்துரையாகவே வெளியிட்டது. அமெரிக்க மெடிகேர் காப்பீட்டில் உள்ள 1,97,376 சிஓபிடி நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டபோது, வீடு திரும்பிய 90 நாளுக்குள் மறுவாழ்வுப் பயிற்சி தொடங்கியவர்கள் வெறும் 1.5 விழுக்காடு என்று தெரிந்தது. ஓராண்டில் இறந்தவர்கள் தொடங்கியோரில் 7.3 விழுக்காடு, மற்றவர்களில் 19.6 விழுக்காடு. ஓரளவு நடமாட்டம் உள்ளவர்களே பயிற்சிக்கு வருவார்கள் என்பதால் இந்த வேறுபாடு முழுவதையும் பயிற்சியின் கணக்கில் எழுத முடியாதுதான். இருப்பினும் பணமும் மையமும் உள்ள நாட்டிலேயே நூற்றில் இருவர்கூடப் போகவில்லை என்றால், தேனியில் மையம் இல்லை என்று நீங்கள் வருந்துவதில் வியப்பில்லை.

சகோதரி, தொடங்குவதற்கு முன் ஒருமுறை உங்கள் மருத்துவரிடம் காட்டி, இதயத் துடிப்பில் ஒழுங்கின்மையோ அண்மையில் நெஞ்சுவலியோ இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை எப்போது நிறுத்தச் சொன்னார்கள் என்று சீட்டைப் பாருங்கள். தீவிரமடைதலுக்கு வழக்கமாக நாளுக்கு 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் ஐந்து நாள் போதும். நல்ல பசியும் தெம்பும் தருகிறதே என்று வீட்டில் தொடர்ந்து கொடுப்பவர்களைப் பார்க்கிறேன், அது தொடைத் தசையைத்தான் முதலில் தின்னும். ஆனால் வாரக்கணக்கில் எடுத்துவிட்டிருந்தால் சொந்த முடிவில் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி அளவும் கூடினால், வழக்கத்தைவிட அதிகம் தூங்கி வழிந்தாலோ பேச்சு குழறினாலோ, உதடு நீலம் பாரித்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், இவற்றில் எது நேர்ந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தூங்கி வழிவதைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள், கரியமில வாயு உடலில் தேங்குவதன் அடையாளமாக அது இருக்கலாம்.

ஓய்வுபெற்ற நடத்துனர்:

அம்மா, நான் சிஓபிடிக்காரன். பீடியால் வந்த வினை. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு எனக்கு உதவிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன். நிவாரண இன்ஹேலரை ஸ்பேசர் என்னும் குழாய்க் குடுவையில் பொருத்தி இழுத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து நடப்பேன். இரைப்பு ஏறும்போது சிறிய மின்விசிறியை மூக்குக்கும் உதட்டுக்கும் நேரே பிடித்தால் திணறும் உணர்வு சீக்கிரம் தணிகிறது. இது மன ஆறுதல் மட்டும் அன்று, ஆய்வில் நிரூபிக்கப்பட்டது என்று என் பிசியோதெரபிஸ்ட் சொன்னார். தெருவில் நடக்கும்போது சைக்கிளை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு போவேன். கைப்பிடியில் கையை ஊன்றிச் சற்றுக் குனிந்து நடந்தால் வெறுங்கையோடு நடப்பதைவிட அதிக தூரம் போக முடிகிறது, பார்ப்பவர்களும் நோயாளி என்று நினைப்பதில்லை. உங்கள் அம்மாவுக்குக் கைப்பிடியும் சக்கரமும் உள்ள நடைவண்டி அதே வேலையைச் செய்யும்.

இன்னொன்று: நாளுக்கு நாள் ஏறுமுகமாகவே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பனிக்காலக் காலையிலும், பக்கத்து வீட்டில் குப்பை கொளுத்தும் நாளிலும் நேற்று செய்ததில் பாதிகூட முடியாது. அன்று பாதியைச் செய்துவிட்டு விட்டுவிடுவேன்.

அரிசிமூட்டை:

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவ (பிசியோதெரபி) சேவை உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில், டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிப் பெயர் கொடுத்துப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைக்கு மட்டும்தான் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தேனி மகள்:

அனைவருக்கும் மிக்க நன்றி. நாற்காலிச் சோதனை செய்தோம். கையைக் கட்டிக்கொண்டு ஒருமுறைகூட எழ முடியவில்லை. இரண்டு தலையணை போட்டபோது எழுந்தார், அவருக்கே வியப்பு.

மூன்று சந்தேகங்கள் எஞ்சியிருக்கின்றன. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் உட்கார்ந்திருக்கும்போது 93 காட்டுகிறது, கழிவறைக்குப் போய் வந்ததும் 86 காட்டுகிறது. ஆக்சிஜன் தயாரிக்கும் இயந்திரத்தை வாங்கிவிடலாமா என்று தம்பி கேட்கிறான். அம்மாவின் எடை 42 கிலோ. ஒரு இட்லியிலேயே வயிறு முட்டுகிறது, மூச்சும் முட்டுகிறது என்கிறார். முழங்கால் வலியும் நெடுநாளாக உண்டு.

நெஞ்சகநோய் மருத்துவர்:

86 என்ற எண்ணை முதலில் சரிபாருங்கள். விரல் குளிர்ந்திருந்தாலும், நகத்தில் பூச்சு இருந்தாலும், கை அசைந்துகொண்டிருந்தாலும் கருவி தவறாகக் காட்டக்கூடும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நாடித் துடிப்பின் எண் நிலைபெறும்வரை காத்திருந்து படியுங்கள். உண்மையிலேயே நடக்கும்போது குறைகிறது என்றால் நடைத் துண்டுகளை இன்னும் சிறிதாக்கி, 88க்குக் கீழே போனதும் நின்று, குவித்த உதட்டோடு ஊதி, ஏறிய பிறகு தொடருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஆறு நிமிட நடைச் சோதனையை ஆக்சிமீட்டருடன் செய்யச் சொல்லிக் கேளுங்கள். நடந்த தூரத்தையும் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்து அதே சோதனையில் 30 மீட்டர் அளவுக்குக் கூடியிருந்தால் அது நோயாளியே உணரக்கூடிய முன்னேற்றம்.

இயந்திரத்தை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். ஓய்வில் 88 அல்லது அதற்கும் கீழே தொடர்ந்து இருப்பவர்களுக்கு, நாளில் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் எடுக்கும் ஆக்சிஜன் ஆயுளைக் கூட்டும். நடக்கும்போது மட்டும் குறைபவர்களுக்கு நிலைமை வேறு: 738 பேரிடம் நடந்து 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓய்வில் மிதமாகவோ நடக்கும்போது மட்டுமோ குறைந்தவர்களுக்கு நீண்டகால ஆக்சிஜன் ஆயுளையும் கூட்டவில்லை, மருத்துவமனைச் சேர்க்கையையும் தள்ளிப்போடவில்லை. மேலும் இப்போதைய அளவு நிலையானது அன்று. தீவிரமடைதலுக்குப் பிறகு 35 நாள் ஆகியும் மூச்சை ஊதும் வேகம் பழைய நிலைக்குத் திரும்பாதவர்கள் நான்கில் ஒருவர் என்று இலண்டன் ஆய்வு ஒன்று 2000இல் காட்டியது. எனவே வீடு திரும்பி இரண்டு மூன்று மாதத்துக்குள் ஓய்விலும் நடையிலும் மறுபடி அளந்து பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இடையில் உங்கள் மருத்துவரே ஆக்சிஜன் எழுதிக் கொடுத்தால், இலக்கு 88 முதல் 92 வரைதான். எண் 98 ஆகட்டும் என்று குமிழைத் திருகினால் இவருக்குக் கரியமில வாயு தேங்கும், பைபேப் தேவைப்பட்டவர் என்பதால் அந்த ஆபத்து கூடுதல்.

பிசியோ கோவை:

லெஸ்டர் ஆய்வைப் பற்றி மருத்துவர் சொன்னதை ஏற்கிறேன். அந்த ஆய்வின் முறையைப் பற்றி வேறு இழையில் பேசலாம்.

வயிறு முட்டுவது அம்மாவின் கற்பனை அன்று. சிஓபிடியில் காற்று முழுவதும் வெளியேறாமல் நுரையீரல் உப்பியே இருப்பதால் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் ஏற்கெனவே கீழே தள்ளப்பட்டிருக்கும். நிறைந்த வயிறு அதைக் கீழிருந்து தடுக்கிறது. மூன்று வேளை உணவை ஆறு சிறு வேளைகளாக்குங்கள். சாப்பிடும்போதே தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்ப வேண்டாம், சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் பயிற்சியும் வேண்டாம். நோயுற்ற முதியவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது ஐரோப்பிய ஊட்டச்சத்து வல்லுநர்களின் பரிந்துரை. 42 கிலோவுக்கு அது 50 முதல் 63 கிராம். கஞ்சியும் ரசம் சோறும் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் அதில் பாதியைக்கூட எட்ட முடியாது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் இருக்கிறது. கெட்டிப் பருப்பு, வேகவைத்த சுண்டல், மீன், தயிர், பாலில் கரைத்த பொட்டுக்கடலை மாவு என்று ஒவ்வொரு சிறு வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

முழங்கால் வலிக்காகப் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. இருக்கை உயரமாக இருந்தால் மூட்டின் மேல் விழும் சுமை குறையும். எழும்போது வலி மிகுந்தால், நாற்காலியில் அமர்ந்தபடியே ஒரு காலை நேரே நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடித்துக் கீழே விடுவது அதே தொடைத் தசைக்குப் பயிற்சிதான். அது எளிதானதும் கணுக்காலில் அரைக்கிலோ மணல் பையைக் கட்டுங்கள். படி ஏறுவதைச் சில வாரம் தள்ளி வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நாற்காலியில், ஒரே நேரத்தில் 30 விநாடிச் சோதனையைச் செய்து எண்ணைக் குறித்து வாருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்தும் எண் நகரவில்லை என்றால் இங்கே எழுதுங்கள், பயிற்சியை மாற்றிப் பார்க்கலாம்.

இட்லிக் கடையை மீண்டும் திறக்கும் எண்ணம் இருந்தால், அதை எரிவாயு அடுப்பில் மட்டும் நடத்த ஏற்பாடு செய்யுங்கள். மாவு ஆட்டுவதும் பாத்திரம் தூக்குவதும் வேறு ஆள் பார்க்கட்டும். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து இட்லி ஊற்றுவதை, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்தாறு முறை எழ முடிந்த பிறகு அம்மா தொடங்கலாம்.